தொலைந்த சாவி: தலைவர் இல்லாத ஊரில் யாரிடம் சொல்வது?

உங்கள் வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? ஒரு நாள் தேடிப் பார்ப்பீர்கள். கிடைக்காவிட்டால் பூட்டை மாற்றிவிடுவீர்கள். பூட்டு ஒன்றுதான், அதுவும் உங்கள் வீட்டுக் கதவில்தான் தொங்குகிறது. ஆகவே வேலை எளிது.

இப்போது கதையைச் சற்று மாற்றுவோம். ஒரே சாவியால் திறக்கக்கூடிய பத்தாயிரம் பூட்டுகளைச் செய்து, அவற்றைத் திறந்த நிலையிலேயே ஊர் ஊராக எல்லோருக்கும் கொடுத்துவிட்டீர்கள். “எனக்கு இரகசியமாக ஏதேனும் அனுப்ப விரும்பினால் ஒரு பெட்டிக்குள் வைத்து, இந்தப் பூட்டை அமுக்கிப் பூட்டி அனுப்புங்கள். சாவி என்னிடம் மட்டுமே இருக்கிறது” என்று சொல்லியும் விட்டீர்கள். யார் யாரிடம் உங்கள் பூட்டு இருக்கிறது என்ற கணக்கு உங்களிடம் இல்லை. ஒருவர் அதைப் போலவே இன்னொன்று செய்து மற்றொருவருக்குக் கொடுத்திருப்பார். இந்த நிலையில் உங்கள் சாவி களவு போனால்?

கணிப்பொறியின் வழியே இரகசியக் கடிதம் எழுதுவோர் ஏறத்தாழ இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். சாவியைச் செய்வது எப்படி என்பது பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கொடுத்த சாவியைச் செல்லாததாக்குவது எப்படி என்பது பற்றிப் பேசுவோர் குறைவு. ஆனால் கடினமான பகுதி அதுதான். அதிலும், கட்டளையிட ஒரு தலைமை நிலையமே இல்லாத கணிப்பொறி வலையில் அது எவ்வாறு நடக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரு சாவிகளின் கணக்கு

சாவி என்று நாம் இங்கே சொல்வது இரும்புத் துண்டை அன்று, எண்ணை. பழங்கால மறைமொழிகளில் எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் ஒரே சாவிதான். 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும், பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்னும் கருத்தை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் என்னும் மூவர் அதற்கு ஒரு கணித வழியைக் கண்டார்கள். (பிரிட்டிஷ் அரசின் மறைமொழி நிலையத்தில் எல்லிஸ் என்பவர் 1970இல் இந்தக் கருத்தையும், காக்ஸ் என்பவர் 1973இல் இந்தக் கணித வழியையும் கண்டிருந்தார்கள். அரசு இரகசியமாதலால் 1997 வரை அவர்களால் வாய் திறக்க முடியவில்லை! பாவம்.)

அந்தக் கணித வழியைச் சிறிய எண்களில் நீங்களே செய்து பார்க்கலாம். 3, 11 என்ற இரு பகா எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பெருக்கல் 33. இரண்டிலும் ஒவ்வொன்று குறைத்துப் பெருக்கினால் 2 × 10 = 20. இனி 3 என்ற எண்ணைப் பொதுச் சாவியாக வைத்துக்கொள்வோம். இதனோடு பெருக்கி 20ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். அத்தகைய எண் எது? 7. ஏனெனில் 3 × 7 = 21. இந்த 7தான் உங்கள் அந்தரங்கச் சாவி. 33, 3 என்ற இரண்டையும் ஊருக்குச் சொல்லிவிடுங்கள். 7ஐ மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

இப்போது 4 என்ற எண்தான் நீங்கள் அனுப்ப வேண்டிய செய்தி. அதில் உங்கள் கையொப்பம் இடவேண்டும். 4ஐ ஏழு முறை எழுதிப் பெருக்கினால் 16,384 கிடைக்கும். அதை 33ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16தான் கையொப்பம். செய்தியைப் பெற்றவர் 16ஐ மூன்று முறை எழுதிப் பெருக்குவார்: 4,096. அதை 33ஆல் வகுத்தால் மீதி 4. அனுப்பிய செய்தியும் 4. “ஆம், 7ஐ அறிந்தவர்தான் இதை அனுப்பியிருக்கிறார்” என்று அவர் முடிவு செய்யலாம். 33ஐக் காரணிப்படுத்துவது நமக்கு விளையாட்டு. ஆனால் நடைமுறையில் 33க்குப் பதிலாக 600 இலக்கங்களுக்கும் மேற்பட்ட எண்ணைப் பயன்படுத்துவார்கள். அதைக் காரணிப்படுத்த இன்றுள்ள எந்தக் கணிப்பொறியாலும் முடிவதில்லை.

நான் எழுதிய வாக்கியத்தை மறுபடியும் பாருங்கள். “7ஐ அறிந்தவர்” என்றுதான் எழுதினேன். “நீங்கள்” என்று எழுதவில்லை. கணக்குக்கு ஆள் முகம் தெரியாது. 7 திருடன் கைக்குப் போய்விட்டால் அவன் போடும் கையொப்பமும் உங்கள் கையொப்பமே. எந்த நுண்ணோக்கியாலும் வேறுபாடு காண முடியாது. உங்களுக்கு வரும் கடிதங்களையும் அவன் படித்துவிடுவான். இதுதான் ஆபத்து.

தலைவர் உள்ள ஊர்

காசோலைப் புத்தகம் தொலைந்தால் வங்கிக்கு ஓடுகிறோம். அந்தக் காசோலையை யார் கொண்டுவந்தாலும் முடிவில் அது அதே வங்கிக்குத்தான் வந்தாகவேண்டும். ஆகவே அங்கே ஒருவரிடம் சொன்னால் போதும்.

கணிப்பொறி வலையிலும் இத்தகைய தலைமை நிலையங்களை அமைத்தார்கள். “இந்தப் பொதுச் சாவி இன்னாருடையது” என்று தலைமை நிலையம் கையொப்பமிட்டுத் தரும் தாளுக்குச் சான்றிதழ் என்று பெயர். இந்தக் கருத்தை 1978இல் எழுதியவர் லோரன் கோன்ஃபெல்டர் என்னும் மாணவர். பட்டப் படிப்புக்கான தம் ஆய்வேட்டில் எழுதினார். சாவி களவு போனால் நிலையம் அந்தச் சான்றிதழின் எண்ணை “செல்லாதவை” என்ற பட்டியலில் சேர்த்து வெளியிடும். சான்றிதழைப் பார்ப்பவர்கள் பட்டியலையும் பார்க்கவேண்டும்.

பார்க்கிறார்களா? 2001 ஜனவரியில் நடந்ததைக் கேளுங்கள். வெரிசைன் என்ற நிலையம் ஏமாந்துபோய், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பெயரில் இரண்டு சான்றிதழ்களை ஓர் ஆள்மாறாட்டக்காரருக்கு வழங்கிவிட்டது. தவறு தெரிந்ததும் அவற்றை இரத்தும் செய்தது, பட்டியலிலும் சேர்த்தது. ஆனால் அந்தப் பட்டியல் எங்கே கிடைக்கும் என்ற முகவரி சான்றிதழ்களில் எழுதப்பட்டிருக்கவில்லை! ஆகவே எந்தக் கணிப்பொறியும் தானாகப் போய் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் அந்த இரண்டு சான்றிதழ்களை மட்டும் ஒதுக்குவதற்காக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தனியாக ஒரு திருத்த நிரலை எழுதி வெளியிட நேர்ந்தது.

தலைவர் வீட்டிலேயே திருடன் புகுந்த கதையும் உண்டு. 2011இல் நெதர்லாந்தின் டிஜினோட்டார் நிலையத்துக்குள் ஊடுருவியவர்கள் 500க்கும் மேற்பட்ட பொய்ச் சான்றிதழ்களைத் தயாரித்தார்கள். கூகுள் பெயரில் இருந்த ஒன்று ஜூலையில் உருவானது. ஆகஸ்டு இறுதியில்தான் இரத்தானது. இடைப்பட்ட காலத்தில் ஏறத்தாழ 3,00,000 இணைப்புகளின் வழியே, பெரும்பாலும் ஈரானில், பலருடைய அந்தரங்கக் கடிதங்கள் ஒற்றர் கண்ணுக்கு எட்டும் நிலையில் இருந்தன. எந்தெந்தப் பொய்ச் சான்றிதழ்கள் உருவாயின என்ற முழுக் கணக்கு அந்த நிலையத்திடமே இல்லை. பெயர் தெரியாததை எப்படிப் பட்டியலில் சேர்ப்பது? எனவே உலாவி நிரல்களைச் செய்வோர் அந்த நிலையத்தையே ஒட்டுமொத்தமாக நம்பிக்கையிலிருந்து நீக்கினார்கள். செப்டம்பரில் நிலையம் திவாலாயிற்று.

தலைவர் இல்லாத ஊர்

“எல்லோரும் ஒரு தலைவரை நம்பவேண்டும் என்பதே தவறு” என்று கருதியவர்களும் இருந்தார்கள். 1991இல் அமெரிக்கரான ஃபில் ஜிம்மர்மன் பி.ஜி.பி. என்ற நிரலை வெளியிட்டார். அதைச் சார்ந்து வளர்ந்த முறையில் தலைமை நிலையம் கிடையாது. உங்கள் பொதுச் சாவி உங்களுடையதுதான் என்று உங்களை நேரில் அறிந்த நண்பர்களே கையொப்பமிடுவார்கள். அந்தச் சாவிகளை உலகின் பல இடங்களில் உள்ள கணிப்பொறிகள் சேர்த்து வைத்து, கேட்போருக்கெல்லாம் கொடுக்கும். இவற்றைச் சாவிக் களஞ்சியங்கள் என்று அழைப்போம். களஞ்சியங்களுக்குள் பெரியது, சிறியது என்ற வேறுபாடு இல்லை. ஒன்றுக்கு வந்த செய்தியை அது பக்கத்திலுள்ளதற்குச் சொல்லும். அது அதன் பக்கத்திலுள்ளதற்குச் சொல்லும். சமமானவர்கள் கூடிய வலை இது.

இத்தகைய வலையில் “என் சாவி களவு போயிற்று, இனி நம்பாதீர்கள்” என்ற செய்தி எப்படிப் பரவும்? ஊர் வம்பு பரவுவது போலத்தான்! இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். 32 மாணவர்களுக்கு எண் கொடுங்கள். அந்த 32 எண்களையும் சீட்டுகளில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். முதல் சுற்றில் ஒருவருக்கு மட்டும் செய்தி தெரியும். அவர் ஒரு சீட்டை எடுத்து, அந்த எண்ணுக்குரியவரிடம் செய்தியைச் சொல்லிவிட்டுச் சீட்டைத் திரும்பப் போடவேண்டும். அடுத்த சுற்றில் செய்தி தெரிந்த ஒவ்வொருவரும் இப்படியே செய்யவேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பானால் 1, 2, 4, 8, 16, 32 என்று ஐந்து சுற்றுகளில் முடிந்திருக்கவேண்டும். ஆனால் முடியாது. ஏற்கெனவே தெரிந்தவரிடமே சீட்டு போய் விழுந்துகொண்டிருக்கும். பெரும்பாலும் எட்டு அல்லது ஒன்பது சுற்றுகள் ஆகும். ஆயிரம் பேர் இருந்தால் பதினேழு சுற்றுகள். பத்து இலட்சம் பேர் இருந்தாலும் ஏறத்தாழ முப்பத்து நான்கே சுற்றுகள். வம்புக்கு வேகம் அதிகம் என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வது கணிதப்படியும் சரியே.

அப்படியானால் சிக்கல் தீர்ந்ததா? விளையாட்டை மறுமுறை ஆடும்போது நான்கு மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்திவையுங்கள். அணைத்து வைக்கப்பட்ட கணிப்பொறிகள் அவர்கள். செய்தி பரவி முடிந்தபின் அவர்களை உள்ளே அழையுங்கள். அவர்களிடம் இருப்பது பழைய சாவி. மற்றவர்கள் அந்தச் சாவியை அழித்துவிட்டுச் சும்மா இருந்தால், திரும்பி வந்த நால்வரும் “இதோ உங்களிடம் இல்லாத ஒரு சாவி என்னிடம் இருக்கிறது!” என்று பழைய சாவியை மறுபடியும் எல்லோருக்கும் பரப்பிவிடுவார்கள். செத்தது உயிர்த்து எழுந்துவிடும்.

இந்தச் சிக்கலை முதலில் சந்தித்தவர்கள் மறைமொழிக்காரர்கள் அல்லர். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தினர், தங்கள் நிறுவனத்தின் பல நூறு கணிப்பொறிகளில் ஒரே பெயர்ப் பதிவேட்டைப் பிரதிகளாக வைத்திருந்தார்கள். ஓரிடத்தில் நீக்கிய பெயர் வேறோர் இடத்திலிருந்து திரும்பி வந்துகொண்டே இருந்தது. 1987இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் அதற்கு வழி சொன்னார்கள். நீக்கும் பெயரை வெறுமனே அழிக்கக் கூடாது. அதன் இடத்தில் ஓர் “இறப்புச் சான்று” வைக்கவேண்டும். பெயர் பரவுவது போலவே அதன் இறப்புச் சான்றும் பரவும். எங்காவது பழைய பிரதி எதிர்ப்பட்டால் சான்று அதைக் கொல்லும். இதிலிருந்து நாம் அறிவது வியப்பானது: தலைவர் இல்லாத ஊரில் ஒன்றை நீக்கவேண்டுமானால் எதையும் எடுக்கக் கூடாது; இன்னொன்றைச் சேர்க்கவேண்டும். சாவிக்கும் அப்படியே. சாவி களஞ்சியத்திலேயே இருக்கும். அதன்மேல் “இரத்து” என்ற சான்று ஒட்டியிருக்கும்.

யார் சொன்னால் நம்புவது?

இரத்துச் சான்றை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று விட்டால் என்ன ஆகும்? வேண்டாதவர் சாவியையெல்லாம் போக்கிரிகள் செத்ததாக அறிவித்துவிடுவார்கள். தலைவரும் இல்லை. ஆகவே பி.ஜி.பி. வழியில் விதி இது: ஒரு சாவியை இரத்துச் செய்யும் சான்றில் அதே சாவியால் கையொப்பமிட்டிருக்க வேண்டும். தன் மரணச் செய்தியில் தானே கையெழுத்துப் போடுவது போல!

இங்கே ஒரு கேள்வி உங்களுக்கு எழவேண்டும். சாவி திருடனிடமும் இருக்கிறதே. அவனும் இரத்துச் சான்றை எழுதலாமே? எழுதலாம். எழுதட்டும். இரண்டு பேர் கையில் உள்ள சாவி சாகத்தானே வேண்டும்? அவன் எழுதினாலும் அந்தச் சான்று சொல்வது உண்மைதான். இந்த விதியின் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். பொய் சொல்ல முயல்பவன்கூட உண்மையைத்தான் சொல்ல முடிகிறது.

இரண்டாவது கேள்விதான் வேதனையானது. சாவி களவு போகவில்லை, தொலைந்தே போய்விட்டது. அல்லது அதைக் காக்கும் கடவுச்சொல் மறந்துவிட்டது. இப்போது இரத்துச் சான்றில் எதைக்கொண்டு கையொப்பம் இடுவது? வழியே இல்லை. எனக்கே இது நேர்ந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஆர்வத்தோடு ஒரு சாவியைச் செய்து களஞ்சியத்தில் போட்டேன். நீளமான கடவுச்சொல் வைத்தேன். யாராலும் ஊகிக்க முடியாதது என்று பெருமைப்பட்டேன். ஆறு மாதம் கழித்து என்னாலும் ஊகிக்க முடியவில்லை. இரண்டு நண்பர்கள் அந்தச் சாவியில் எனக்கு எழுதிய கடிதங்களைக் கடைசிவரை நான் படிக்கவே இல்லை. ஒருவர், நான் வேண்டுமென்றே பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொண்டார். அந்தச் சாவி இன்றும் எங்கோ “உயிரோடு” இருக்கிறது.

நான் செய்யத் தவறியது என்ன? சாவியைச் செய்த அன்றே, அது கையில் இருக்கும்போதே, அதன் இரத்துச் சான்றையும் எழுதித் தாளில் அச்சிட்டு வேறோர் இடத்தில் பத்திரப்படுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தாள் வேறு யாரிடமாவது சிக்கினால்? அவரால் உங்கள் கடிதத்தைப் படிக்க முடியாது. சாவியைக் கொன்றுவிட மட்டும் முடியும். அதுவும் தொல்லைதான். இதற்கு ஷமீர் (மேலே சொன்ன மூவரில் ஒருவர்) 1979இல் ஒரு வழி காட்டினார். உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ள நேர்கோட்டுச் சமன்பாடே போதும்.

இரத்துச் சான்றை 7 என்ற இரகசிய எண்ணால் பூட்டி வைத்திருப்பதாகக் கொள்வோம். y = 7 + 2x என்ற கோட்டை வரையுங்கள். x = 1, 2, 3 என்ற இடங்களில் y முறையே 9, 11, 13. இந்த மூன்று புள்ளிகளையும் மூன்று நண்பர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஒரு புள்ளியின் வழியே எண்ணற்ற கோடுகள் போகலாம்; எனவே தனியாக ஒருவரால் 7ஐக் காண முடியாது. எந்த இருவர் சேர்ந்தாலும் கோடு கிடைத்துவிடும். அது y அச்சை வெட்டும் இடத்தில் 7 இருக்கும். மூவர் சேரவேண்டும் என்று விரும்பினால் நேர்கோட்டுக்குப் பதில் பரவளைவை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் நோயுற்றாலும், வீடே வெள்ளத்தில் போனாலும் நண்பர்கள் கூடிச் சாவியை இரத்துச் செய்யலாம்.

எந்தக் காரணத்தால் இரத்து என்பதையும் சான்றில் குறிக்க இடம் உண்டு. அது வெறும் சம்பிரதாயம் அன்று. “புதிய சாவி செய்துகொண்டேன், பழையது வேண்டாம்” என்று குறித்தால், அதற்கு முன்பு நீங்கள் இட்ட கையொப்பங்கள் செல்லும். “களவு போயிற்று” என்று குறித்தால் பழைய கையொப்பங்களையும் சந்தேகிக்க வேண்டியதுதான். ஏன்? திருடன் இன்று போடும் கையொப்பத்தில் மூன்று ஆண்டுக்கு முந்தைய தேதியை எழுதலாமே! தேதியை எழுதுவதும் அவன் கணிப்பொறிதானே.

மௌனத்தை எப்படிப் படிப்பது?

செய்தி பரவும் வேகம் தெரிந்தது. யார் சொல்லவேண்டும் என்பதும் தெரிந்தது. மிஞ்சியிருப்பதுதான் ஆழமான சிக்கல். திருடன் உங்களை ஏமாற்ற விரும்பினால் பொய்ச் செய்தி பரப்பத் தேவையில்லை. உண்மைச் செய்தி ஒன்று உங்களை வந்து சேராமல் தடுத்தாலே போதும். வலையில் உங்கள் கணிப்பொறிக்கு எட்டுப் பக்கத்து வீடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எட்டும் அவன் ஆட்களாக அமைந்துவிட்டால், மற்றெல்லாச் செய்திகளையும் ஒழுங்காகத் தந்துகொண்டு, இரத்துச் சான்று ஒன்றை மட்டும் விழுங்கிவிடுவார்கள். நீங்களோ, “கெட்ட செய்தி எதுவும் வரவில்லை, எனவே சாவி நல்ல சாவி” என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

கையொப்பக் கணிதத்தால் இங்கே ஒன்றும் செய்ய இயலாது. வந்த செய்தி உண்மையா என்று அது சொல்லும். வராத செய்தியைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. இதைச் சரிக்கட்ட 1998இல் ரிவெஸ்ட் கேள்வியையே திருப்பிப் போட்டார். “இது செத்துவிட்டதா?” என்று கேட்காதே; “இது இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அண்மைக் காலத்துச் சான்று கொண்டு வா” என்று கேள் என்றார். எவ்வளவு அண்மை என்பதை, நம்பி ஏமாறக்கூடியவர் எவரோ அவரே முடிவு செய்யவேண்டும். பிறந்தநாள் வாழ்த்துக்கு ஒரு மாதப் பழைய சான்று போதும். நிலத்தை விற்கும் பத்திரத்துக்கு நேற்றைய சான்று வேண்டும். இந்த முறையில் மௌனம் நல்ல செய்தியாகாது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் சாவி தானாகவே செல்லாததாகிவிடும்.

சாவிக்குக் காலக்கெடு வைப்பதும் இதே கருத்துத்தான். தலைமை நிலையங்கள் தரும் வலைத்தளச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து, 2029 முதல் 47 நாட்களுக்கு மேற்படாமல் வைப்பது என்று 2025 ஏப்ரலில் முடிவாயிற்று. தலைவர் இல்லாத பி.ஜி.பி. முறையிலும் காலக்கெடு உண்டு. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருப்பதைப் பாருங்கள். கெடுவை எழுதுவதும், நீட்டுவதும் அதே சாவியின் கையொப்பத்தால்தான். திருடன் கையில் சாவி இருந்தால் அவனும் நீட்டிக்கொண்டே போகலாம். எனவே காலக்கெடு என்பது தொலைந்த சாவிக்கு மருந்து. களவு போன சாவிக்கு மருந்தாகாது. களவுக்கு இரத்துச் சான்று ஒன்றே மருந்து. அதைத் திருடனால் திரும்பப் பெற முடியாது.

அழியாத ஏடு

சான்றைத் திரும்பப் பெற முடியாது என்றால் களஞ்சியக்காரர் அழிக்க முடியாதா? சர்வாதிகார அரசு ஒன்று களஞ்சியக்காரரை மிரட்டி, “இன்னாருடைய இரத்துச் சான்றை எடுத்துவிடு” என்று சொன்னால்? இந்த அச்சம் 1990களில் சாவிக் களஞ்சியங்களை அமைத்தவர்களுக்கு இருந்தது. எனவே ஒருமுறை சேர்ந்ததை ஒருபோதும் அழிக்காதவையாகவே அவற்றை அமைத்தார்கள். பின்னர் பரவலான எஸ்.கே.எஸ். என்ற களஞ்சிய நிரலும் அப்படியே. ஓர் ஊரில் ஒருவர் அழித்தாலும், மறு ஊர்க் களஞ்சியம் “உன்னிடம் இது இல்லையே” என்று திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும். மேலே ஜெராக்ஸ் நிலையத்தாருக்குத் தொல்லையாக இருந்த குணமே இங்கே காவலாயிற்று.

ஆனால் யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், யாரும் அழிக்க முடியாது என்ற ஏட்டில் குப்பையைக் கொட்டினால்? 2019 ஜூன் மாத இறுதியில் அதுதான் நடந்தது. இந்த முறையை வளர்ப்பதில் பெயர் பெற்ற இருவருடைய பொதுச் சாவிகளின்மேல் யாரோ பொய்க் கையொப்பங்களை ஆயிரக்கணக்கில் ஒட்டினார்கள். ஒரு சாவியின்மேல் மட்டும் ஏறத்தாழ 1,50,000! சேர்த்ததைக் களஞ்சியங்கள் கடமை தவறாமல் உலகமெங்கும் பரப்பின. அந்தச் சாவியைத் தருவித்த கணிப்பொறிகள் கணக்குப் போட முடியாமல் திணறி நின்றன. இதில் கொடுமை என்னவென்றால், “ஏதேனும் சாவி இரத்தாகியிருக்கிறதா?” என்று ஒழுங்காகப் போய்ப் பார்த்தவர்களுக்கே இந்தத் தொல்லை வந்தது. எச்சரிக்கையாக இருந்தவர்கள் அடி வாங்கினார்கள், சோம்பேறிகள் தப்பினார்கள். களஞ்சியத்தைப் பார்க்காதீர்கள் என்று அறிவுரை சொல்ல நேர்ந்தது. பார்க்காவிட்டால் இரத்துச் செய்தி எப்படி வந்து சேரும்?

அடுத்த மாதமே, பி.ஜி.பி. வழியில் இயங்கும் குனு பிரைவசி கார்டு என்ற நிரல், களஞ்சியத்திலிருந்து வரும் பிறர் கையொப்பங்களை ஒதுக்கிவிடும்படி மாற்றப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய ஒரு புதிய களஞ்சியம் பெயர், முகவரி முதலியவற்றை உரியவரின் சம்மதம் பெற்றே வெளியிடுகிறது. இரத்துச் சான்றுகளை மட்டும் தடையின்றிக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது பழையவற்றைப்போல் மற்றக் களஞ்சியங்களோடு செய்தி பரிமாறிக்கொள்வதில்லை, தனித்து நிற்கிறது. ஒருவகையில் ஊருக்கு மறுபடியும் ஒரு தலைவர் வந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்னொரு பக்கம், தன்னைப் பற்றிய விவரத்தை நீக்கும்படி கேட்க ஐரோப்பியச் சட்டம் மக்களுக்கு உரிமை தந்தது. அழிக்கவே தெரியாத ஏடு அதற்கு என்ன பதில் சொல்லும்? அத்தகைய கோரிக்கைகள் குவிந்ததால், எஸ்.கே.எஸ். களஞ்சியங்கள் பலவற்றை ஒரே பெயரில் இணைத்துக் காட்டிய முகவரி 2021 ஜூனில் மூடப்பட்டது. வேறு நிரலில் ஓடும் சில களஞ்சியங்கள் தமக்குள் செய்தி பரிமாறும் பழைய வழக்கத்தை இன்னும் விடவில்லை.

நீங்கள் குனு பிரைவசி கார்டில் ஒரு சாவி செய்தால், 2014 முதல் அந்த நிரலே கேட்காமல் ஓர் இரத்துச் சான்றையும் எழுதி வைத்துவிடுகிறது. அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். சான்றின் முதல் வரிக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி இருக்கும். தெரியாமல் கைபட்டுச் சாவி செத்துவிடக் கூடாதே என்பதற்காக வைத்தது அது. அதை அழித்தால்தான் சான்று செல்லும். அந்தத் தாளை அச்சிட்டு, கணிப்பொறி இருக்கும் அறையில் வைக்காமல், வேறிடத்தில் வையுங்கள்.